பலகைமேல் விரியும் கார்

செங்கல்பட்டில் ரயிலை விட்டிறங்கி, சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம் சாலை. விடிந்தும் விடியாத நேரம். அதற்குள்ளேயே சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள். ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் ஒரு கம்பெனிப் பெயர், ஒரு ரூட் நம்பர். ஜன்னலோரங்களில் ஈரம் காயாத தலையை அவசரமாகப் பின்னிப் போட்ட பெண்பிள்ளைகள். பாதிப் பேர் தூக்கத்தில். முந்தின ராத்திரி திருநெல்வேலியில் என்னோடு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிய இளவயதுக் கூட்டம் எங்கே போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மேலப்பாளையத்திலிருந்து இந்த இடம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துபாயில் எந்தத் தெருவில் எந்தக் கடை இருக்கிறது என்பது அத்துப்படி. ஒரகடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ‘கார் செய்கிறார்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்த நாளிலிருந்து, ஒரு புது நாடே எழும்பியிருக்கிறது. 2010இல் ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொழிற்சாலை திறந்தன. 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் வந்தன. காரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். காருக்குள் ஓடுகிற ஒயரை யார் கோக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் வந்தேன்.

இந்த ஆசைக்கு வித்து எங்கள் ஊரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறையில் விழுந்தது. ஒரு காரின் டேஷ்போர்டைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளேயிருந்து என் கைத்தண்டு கனத்தில் ஒரு கறுப்புக் கட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, ஒவ்வொரு நுனியிலும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கூடு. பழைய அம்பாசடரில் ஒயரை விரல் விட்டு எண்ணிவிடலாம். விளக்கு, ஹாரன், வைப்பர், செல்ஃப், டைனமோ என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போது வருகிற கார்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒயர்கள். நீட்டிப் போட்டால் சில கிலோமீட்டர் போகும். எடையில் ஒரு ஆள் கனத்தை நெருங்குகிற வண்டிகளும் உண்டு. எலி கடித்துவிட்ட ஒரு கிளையைத் தேடித்தான் அவர் அன்றைக்கு அரைநாளாக உட்கார்ந்திருந்தார். இவ்வளவையும் முதலில் கட்டியது யார் என்று கேட்டேன். மெஷினாக இருக்கும் என்றார்.

மெஷின் இல்லை.

நான் போன கம்பெனியின் பெயரை எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். கைபேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தலைக்குத் தொப்பி, காலுக்கு வேறு செருப்பு, கையில் மோதிரமோ வாட்சோ இருக்கக் கூடாது. ஒயரின் மேல்தோலில் ஒரு கீறல் விழுந்தால் அது எந்த மழைநாளில், எந்தச் சாலையில் தன் வேலையைக் காட்டும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

முதல் கூடத்தில் மெஷின்கள்தான். பெரிய பீப்பாய்களில் சுருள் சுருளாக ஒயர்: சிவப்பு, பச்சை, பச்சையில் மஞ்சள் கோடு, பழுப்பில் வெள்ளைக் கோடு. மெஷின் ஒயரை இழுக்கிறது, அளந்து வெட்டுகிறது, இரண்டு நுனியிலும் தோலை உரிக்கிறது, டெர்மினல் என்கிற சின்ன உலோக முனையை வைத்து ஒரு அடி அடிக்கிறது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஒரு ஒயர் முடிந்து தட்டில் விழுகிறது. இந்த வேலையில் மனிதக் கை மெஷினோடு போட்டி போட முடியாது. போட்டி போடவும் வேண்டாம்.

அந்த ஒரு அடியின் முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். அதற்குக் கிரிம்பிங் என்று பெயர். டெர்மினலுக்குப் பின்பக்கம் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கின்றன. முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி மேல்தோலைப் பிடிக்க. மேலிருந்து அச்சு இறங்கும்போது முன் இறக்கைகள் உள்ளே மடிந்து, செப்பு இழைகளுக்கு நடுவில் தலைகுப்புறப் பாய்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாக நசுக்கிவிடுகின்றன. ஈயம் வைத்துப் பற்றவைப்பதில்லை. பற்றவைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடம் விறைத்துவிடும். வண்டி அதிர அதிர அந்த விறைப்பின் ஓரத்தில்தான் ஒயர் முறியும். சரியாக நசுக்கிய கிரிம்பில் காற்றுப் புக இடமில்லை, அதனால் உள்ளே களிம்பு ஏறுவதும் இல்லை.

சரியாக நசுக்குவது என்றால் எவ்வளவு? ஒரு பெண் கூர்முனை வைத்த மைக்ரோமீட்டரில் கிரிம்பின் உயரத்தை அளந்து ஏட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். விடுகிற பிழை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. உயரம் கூடினால் பிடி தளர்ந்து சூடேறும். குறைந்தால் இழைகளே அறுந்துபோகும். பக்கத்தில் ஒரு சிறிய அறையில் கிரிம்பைக் குறுக்கே அறுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துத் திரையில் காட்டினார்கள். உள்ளே போகும்போது உருண்டையாக இருந்த ஏழு இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பலகோணங்களாக மாறியிருந்தன. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. கறுப்புப் புள்ளி என்றால் இடைவெளி. அப்படி ஒன்று தெரிந்தால் அந்த லாட் முழுவதும் நிறுத்தி வைக்கப்படும். அந்தத் திரையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. ஊரில் என் வீட்டு வாசலில் நிற்கிற ஸ்கூட்டருக்குள்ளும் இப்படி எத்தனை முடிச்சுகள் இருக்கும்!

ஒரு ஒயரை மூன்றாக நான்காகப் பிரிக்க வேண்டிய இடங்களில் வேறு ஒரு வித்தை. ஒயர் நுனிகளை ஒன்றாக அடுக்கி, அழுத்திப் பிடித்து, வினாடிக்கு 20,000 தடவை அதிரும் ஒரு உலோகத் துண்டால் உரசுகிறார்கள். செம்பு உருகுவதில்லை; மேலே படிந்த களிம்பு விலகி, செம்போடு செம்பு ஒட்டிக்கொள்கிறது. அல்ட்ராசோனிக் வெல்டிங். ஒரு வினாடிகூட ஆகாது.

அடுத்து டிரெய்னிங் அறை. புதிதாக வந்தவர்களுக்கு முதலில் கண் பரிசோதனை; நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். பச்சையில் மஞ்சள் கோடும் பச்சையில் வெள்ளைக் கோடும் டியூப்லைட் வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் முடிந்த பிறகும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். அப்புறம் ஒயரைக் கனெக்டரில் சொருகப் பழகுகிறார்கள். தள்ளு, கிளிக் கேள், இழுத்துப் பார். இந்த மூன்றையும் சுவரில் படமாக ஒட்டியிருக்கிறார்கள். டெர்மினல் கூட்டுக்குள் போய் உட்காரும்போது ஒரு சின்ன நாக்கு மடங்கி அதைப் பூட்டுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுவதைவிட விரலில் உணரப்படுகிறது. இழுத்துப் பார்க்க மறந்தால் ஒயர் உள்ளே இருப்பதுபோல் இருந்து, மூன்று வருஷம் கழித்து நெடுஞ்சாலையில் ஹெட்லைட் அணையும். எனக்கும் ஒரு கனெக்டரைக் கொடுத்தார்கள். இருபது ஓட்டைகள், ஒவ்வொன்றும் நெல்மணி அளவு. நான் நாலாவது ஒயருக்கு வருவதற்குள் என் பக்கத்தில் இருந்த பெண் கனெக்டரை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்திருந்தாள்.

பெரிய கூடத்துக்குள் நுழைந்தபோது சத்தம் குறைந்தது. அங்கேதான் நான் ஊரிலிருந்து கற்பனை செய்து வந்த எதுவும் இல்லை. ஆள் உயரத்துக்குச் சாய்த்து நிறுத்திய நீள நீளமான பலகைகள். சில பலகைகள் ஒரு காரின் நீளத்துக்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஹார்னஸ் என்கிற ஒயர்க்கட்டின் முழு உருவம் உண்மை அளவில் வரையப்பட்டிருக்கிறது: இங்கே இன்ஜின், இங்கே டேஷ்போர்டு, இங்கிருந்து நாலு கதவுக்கும் கிளை, கடைசியில் பின்விளக்கு. கோடு திரும்புகிற இடத்திலெல்லாம் கவைபோன்ற முளைகள். பலகைகள் நிற்பதில்லை, ஒரு சங்கிலித் தடத்தில் கூடத்தை மெதுவாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கின்றன. பெண்கள் ஒவ்வொருவரும் தன் முன்னால் வரும் பலகையோடு சில அடி நடந்து, தன் பங்கு ஒயர்களைப் படுக்க வைத்து, நுனிகளைச் சொருகி, திரும்ப வந்து அடுத்த பலகையைப் பிடிக்கிறார்கள். முதல் ஆளிடம் வரும்போது வெறும் பலகை. பாதிச் சுற்றில் ஒயர்கள் ஆறுபோலக் கூடி ஓடுகின்றன. கடைசி ஆளிடமிருந்து இறங்கும்போது ஒரு காரின் மின்சாரம் முழுவதும் ஒரே கட்டாகக் கைக்கு வருகிறது.

சுற்றின் பிற்பாதியில் டேப் சுற்றுகிறார்கள். அங்கே நின்றபோதுதான் என் ஊர் என் முன்னால் வந்து நின்றது. மேலப்பாளையத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணையிலும் நடையிலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். தகடு வைத்து நறுக்கிய இலையில் தூள் போட்டுச் சுருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றுகிற அந்த விரல்களை அவர்கள் பார்ப்பதே இல்லை. பேச்சு ஒரு பக்கம் ஓடும், கண் பிள்ளையின் மேல் இருக்கும், ஆயிரம் பீடிக் கணக்கு தானாக நிறையும். இங்கேயும் அதே விரல்கள். இடது கை கட்டை இறுக்கிப் பிடிக்க, வலது கை டேப்பைச் சுழற்றுகிறது; முந்தின சுற்றின் பாதியை மூடிக்கொண்டு அடுத்த சுற்று விழுகிறது. இன்ஜின் பக்கம் போகிற பகுதிக்கு டேப் போதாது, வெப்பம் தாங்கும் நெளிவுக் குழாய் போடுகிறார்கள். ஆள் உட்கார்கிற பகுதிக்குத் துணி டேப். கட்டு தகரத்தில் தட்டிச் சத்தம் போடாமல் இருக்க. இன்ஜினுக்கும் உள்பகுதிக்கும் நடுவிலுள்ள சுவரைத் தாண்டுகிற இடத்தில் கனமான ரப்பர் குழலை மாட்டுகிறார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது.

டீ நேரத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். என் பேச்சு காதில் விழுந்திருக்கிறது.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“மேலப்பாளையம்.”

“அப்படிச் சொல்லுங்க! நான் வீரவநல்லூர். அம்மா பீடி சுத்துதாங்க. நானும் பன்னெண்டாவது வரைக்கும் சுத்துனேன்.”

“எது கஷ்டம்?”

யோசித்தாள். “அதுல இடுப்பு வலிக்கும். இதுல காலு வலிக்கும். ஆனா அதுல ஒரு பீடி கழிஞ்சா ஒரு பீடிதான் கழியும். இதுல ஒரு ஒயரு மாறுனா முழுசும் திரும்பி வந்துரும், அண்ணாச்சி. போர்டு நிக்கக் கூடாதுல்லா? அதான் பயம்.”

பக்கத்தில் நின்ற பெண் வேலூர்ப் பக்கம், இன்னொருத்தி ஒடிசா. மூன்று பேரும் ஒரே ஹாஸ்டல் அறை. ஒயர்களின் நிறத்தை மட்டும் மூன்று பேரும் ஒரே மொழியில் சொல்கிறார்கள்.

இந்த வேலையை அரசாங்கப் பட்டியல்களும் கம்பெனி ஏடுகளும் திறன் குறைந்த வேலை என்று எழுதுகின்றன. எழுதுகிறவர்கள் அந்தப் பலகையின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பீடி சுற்றும் பெண்களையும் இந்த நாடு இப்படியே எழுதி வைத்திருக்கிறது. காரின் தகரத்தை வெல்டிங் செய்ய ரோபோ வந்து எவ்வளவோ காலமாகிறது. பெயிண்ட் அடிக்கவும் ரோபோதான். தொளதொளவென்று தொங்குகிற ஒரு ஒயரை நுனி பிடித்துத் தூக்கி, நாலு வளைவு திருப்பி, மற்ற ஐம்பது ஒயர்களுக்கு அடியில் நுழைத்து, சரியான ஓட்டையில் சொருக ரோபோ இன்னும் தடுமாறுகிறது. இரும்பு வைத்த இடத்தில் இருக்கும். ஒயர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சுருளும். அதைக் கண்ணும் விரலும் சேர்ந்து அந்த நொடியில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஜெர்மனிக்காரர்களும் ஜப்பான்காரர்களும் இந்த வேலையைக் கைகள் மலிவாகக் கிடைக்கும் நாடுகளைத் தேடித் தேடிக் கொண்டுபோகிறார்கள்: மெக்சிகோ, மொராக்கோ, துனீசியா, பிலிப்பைன்ஸ், உக்ரைன், நம் ஒரகடம்.

பசிபிக் கடலின் நடுவில் சமோவா என்று ஒரு குட்டித் தீவு நாடு. அங்கே கார்த் தொழிற்சாலை எதுவும் கிடையாது. ஆனால் 1991இலிருந்து ஜப்பானின் யசாகி கம்பெனி அங்கே ஆஸ்திரேலியக் கார்களுக்கு ஹார்னஸ் கட்டியது. 2017இல் ஆஸ்திரேலியா கார் செய்வதையே நிறுத்தியது. அதே வருஷம் சமோவாவின் பலகைகளும் நின்றன.

கைகள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உலகம் இரண்டு தடவை பார்த்துவிட்டது. 2020 பிப்ரவரியில் கொரோனாவால் சீனாவின் ஹார்னஸ் தொழிற்சாலைகள் மூடின. ஒரு வாரத்துக்குள் கொரியாவில் ஹூண்டாய் தன் உற்பத்தியை நிறுத்தியது. இருங்காட்டுக்கோட்டைக்குத் தாய்வீடான அந்த மாபெரும் கம்பெனியிடம் இரும்பு இருந்தது, இன்ஜின் இருந்தது, ஆள் இருந்தது. ஒயர்க்கட்டு மட்டும் இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது மேற்கு உக்ரைனில் லியோனி என்கிற ஜெர்மன் கம்பெனியின் இரண்டு ஹார்னஸ் ஆலைகள் நின்றன. சுமார் 7,000 பேர் வேலை பார்த்த இடங்கள். ஃபோக்ஸ்வாகனும் பி.எம்.டபிள்யூவும் ஜெர்மனியில் தங்கள் ஆலைகள் சிலவற்றை நிறுத்த வேண்டியதாயிற்று. ஹார்னஸைக் கிடங்கில் நிரப்பி வைத்துக்கொள்ளவும் முடியாது. சன்ரூஃப் உள்ள காருக்கு ஒன்று, இல்லாத காருக்கு வேறொன்று. உயர்ரகக் கார்களில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிக் கட்டு.

விமானத்திலும் இதே கதைதான். ஏர்பஸ் ஏ380இல் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். மேலப்பாளையத்திலிருந்து நான் வந்த தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த ஒயர்களை ஏர்பஸ்காரர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு மென்பொருள் பதிப்பில் வரைந்தார்கள், பிரான்ஸின் துலூஸில் வேறு பதிப்பில். கட்டி வந்த ஹார்னஸை விமானத்துக்குள் விரித்தபோது நீளம் போதவில்லை. இரண்டு வருஷம் தள்ளிப்போய், 2007 அக்டோபரில்தான் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது. வளைவில் ஒயர் எவ்வளவு நீளத்தைத் தின்னும் என்பது ஒரகடத்துப் பெண்களுக்குக் கைக்கணக்காகத் தெரிகிறது.

பலகையிலிருந்து இறங்கிய கட்டு கடைசியாகச் சோதனை மேஜைக்குப் போகிறது. எல்லாக் கனெக்டர்களையும் அதனதன் எதிர்க்கூட்டில் மாட்டுகிறார்கள். மெஷின் ஒவ்வொரு ஒயருக்கும் மின்சாரம் அனுப்பி, தொடங்கிய இடம், முடிந்த இடம் சரியா என்று பார்க்கிறது. ஒன்று மாறியிருந்தாலும் சிவப்பு விளக்கு. எந்த ஓட்டை என்று திரையில் காட்டிவிடும். எல்லாம் சரியானால்தான் பிரிண்டர் ஒரு பார்கோடு சீட்டைத் துப்பும். சீட்டு ஒட்டாத கட்டு வாசலைத் தாண்டாது. நான் நின்ற நேரத்தில் சிவப்பு ஒரே ஒரு தடவை எரிந்தது. மேஜையில் இருந்த பெண் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு மெல்லிய ஊசியால் பூட்டு நாக்கை நீக்கி, இரண்டு ஒயர்களை இடம் மாற்றி, இழுத்துப் பார்த்து, ஏட்டில் எழுதிவிட்டு மறுபடி மாட்டினாள்.

வெளியே வரும் வழியில், மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிய ஒரு மூலையில் எல்லாம் ஆரஞ்சு நிறம். பெருவிரல் கனத்தில் கேபிள்கள். மின்சாரக் காருக்கானவை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் போகிற வழி என்பதால் உலகம் முழுக்க அதற்கு ஆரஞ்சு நிறம். தீயணைப்புக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று. மேல்தோலுக்கு அடியில் கம்பி வலை ஒன்று ஓடுகிறது. பக்கத்தில் போகிற சின்ன ஒயர்களின் செய்தியை இந்தக் கனத்த மின்சாரம் குழப்பிவிடாமல் இருக்க. இங்கே பலகை நகரவில்லை. ஒரு மேஜைக்கு ஓரிருவர், பேச்சில்லாமல் வேலை செய்தார்கள்.

வீரவநல்லூர்ப் பெண் ஷிஃப்ட் முடிந்து அந்தப் பக்கமாக வந்தாள். அடுத்த மாதம் அவளை இந்த மூலைக்கு மாற்றுகிறார்களாம்.

“தனி டிரெய்னிங், தனி கிளவுஸு. படிச்சுக்கிட்டா நல்லதுதான். தூத்துக்குடியில வியட்நாம் கம்பெனி வந்துருக்குல்லா அண்ணாச்சி?”

வந்திருக்கிறது. வின்ஃபாஸ்ட் தன் மின்சாரக் கார் ஆலையை 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடி சிப்காட்டில் திறந்தது. வீரவநல்லூரிலிருந்து காலையில் புறப்பட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிற தூரம்.

“அங்க ஒயரு வேலைக்கு ஆளு எடுக்காங்களான்னு ஊருக்குப் போனா விசாரிச்சுச் சொல்லுங்க. நம்பர் எழுதித் தாரேன்.”

வாசலில் என் கைபேசி வந்ததும் அவள் நம்பரைப் பதிந்துகொண்டேன். பஸ் ஹாரன் அடித்தது, அவள் ஓடினாள். நான் செங்கல்பட்டுக்கு ஷேர் ஆட்டோ தேடி நடந்தேன்.